எத்தியோப்பிய நெடுந்தூர ஓட்டக்காரர்கள்: எந்த நாள், எந்த மண், எவ்வளவு வேகம்?

#1 · தூரவானம்

எத்தியோப்பியப் பயிற்சின்னு தமிழ்ல தேடினா திரும்பத் திரும்பக் கிடைக்கிறது மூணே விஷயம்: உயரமான மலை, வாரத்துக்கு 200 கி.மீ., சின்ன வயசுல பள்ளிக்கூடத்துக்கு ஓடினது. இந்த மூணை மட்டும் வெச்சுக்கிட்டு யாரும் 10,000 மீட்டரை 26 நிமிஷம் 17 விநாடில ஓடிட முடியாது. எந்த நாள் எங்க ஓடுறாங்க, எவ்வளவு வேகத்துல, எதுக்கு அந்த இடம்? தெரிஞ்சவங்க விவரமா எழுதுங்க. "வறுமையும் மன உறுதியும்" வகைப் பதிவுகள் மட்டும் வேண்டாம், கோடிப் புண்ணியம்.

#2 · எட்டாம் லேன்

200 கி.மீ. கணக்கை முதல்ல ஓரமா வையுங்க. அங்க காட்டு ஓட்டத்துக்குக் கிலோமீட்டர் கணக்கே கிடையாது, நிமிஷக் கணக்குதான். "இன்னைக்கு ஒரு மணி பத்து" அப்படின்னா அவ்வளவுதான். அதுல 11 கி.மீ. வந்ததா, 14 கி.மீ. வந்ததான்னு பயிற்சியாளர் கேட்க மாட்டார். தூரமும் வேகமும் எழுதி வைக்கிறது தார்ரோட்டுக்கும் டிராக்குக்கும் மட்டும்தான்.

இப்ப உயரம். "எத்தியோப்பியா உயரமான நாடு"ன்னு பொத்தாம்பொதுவா சொல்றதுல பிரயோஜனம் இல்லை. விஷயமே உயர வித்தியாசத்துலதான் இருக்கு. அடிஸ் அபாபா நகரம் சுமார் 2,350 மீட்டர், நம்ம ஊட்டியை விடக் கொஞ்சம் மேலே. வடக்குல எந்தோட்டோ மலை 3,000 மீட்டரைத் தாண்டும். அதைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கினா சுலுல்தா சமவெளி, சுமார் 2,700. தொட்டபெட்டா உச்சியே 2,637-தான், அதை விட உயரத்துல புல்வெளி தட்டையாக் கிடக்குதுன்னு நினைச்சுக்கோங்க. வடகிழக்கே சென்டாஃபா, 2,500-க்கு மேல. தெற்கே அகாகி, சுமார் 2,100.

கடல்மட்டத்தோட ஒப்பிட்டா காற்றழுத்தம் எந்தோட்டோ மேல ஏறக்குறைய 69 சதவீதம், அடிஸ்ல 75, அகாகியில 77. ஒரே நகரத்துலேர்ந்து பஸ்ல கிளம்பி, காலைல ஒரு மணி நேரத்துக்குள்ள 900 மீட்டர் உயர வித்தியாசத்துல எந்தப் படியில வேணும்னாலும் இறங்கி ஓடலாம். இந்த வசதி எல்லா ஓட்ட ஊருக்கும் இவ்வளவு சுலபமா வாய்க்கிறதில்லை. ஒரே குழு திங்கட்கிழமை 3,000 மீட்டர் உயரத்துல ஆமை மாதிரி ஊர்ந்துட்டு, செவ்வாய்க்கிழமை 2,100-ல பறக்கும்.

#3 · தைலமரம்

எட்டாம் லேன் சொன்னதோட தரையையும் சேர்த்துக்கணும். அவங்க பேச்சுல நாலு வகைத் தரை உண்டு.

ச்சகா, அதாவது காடு. மெதுவோட்டம் எல்லாம் இங்கே.

கொரொகோன்ச், சரளையும் கல்லும் கலந்த கரடுமுரடு ரோடு. ஒன்றரை மணி நேர நடுத்தர ஓட்டம். கணுக்காலுக்கும் கெண்டைக்காலுக்கும் இதுதான் ஜிம்.

அஸ்ஃபால்ட், தார்ரோடு. மாரத்தான்காரர்களின் பரீட்சை நாள்.

டிராக் அல்லது புல்வெளி, இண்டர்வலுக்கு, அதாவது வேகமாக ஒரு துண்டு ஓடி, ஓய்வெடுத்து, மறுபடி ஓடும் பயிற்சிக்கு.

இது போக டகெட், மேடு. 200–300 மீட்டர் ஏற்றத்தில் 15, 20 தடவை, இறங்கும்போது நடை கலந்த மெதுவோட்டம்.

ஒரு தரைக்குரிய வேலையை இன்னொரு தரையில் செய்ய மாட்டார்கள். மெதுவோட்டத்தைத் தார்ரோட்டில் ஓடுகிற ஆளைப் பார்த்தால், "காலைக் கெடுத்துக்கொள்கிறான்" என்பதுதான் பொதுவான தீர்ப்பு. நம்மில் பலர் வாரத்தில் ஆறு நாளும் அதே தார்ரோடு, அதே ஷூ, அதே வேகம். வித்தியாசம் இங்கேயே தொடங்கிவிடுகிறது.

#4 · தூரவானம்

காட்டுல ஒரு மணி பத்து நிமிஷத்துக்கு 11 கி.மீ.ன்னா கிலோமீட்டருக்கு 6 நிமிஷத்துக்கும் மேல. 2:05 (2 மணி 5 நிமிஷம்) மாரத்தான் ஓடுறவங்க இந்த வேகத்துலயா? எழுத்துப் பிழையா இருக்குமோன்னு கேட்கிறேன்.

#5 · தைலமரம்

பிழை இல்லை. தொடக்கத்தில் இன்னும் மெதுவாகவே இருக்கும். முதல் பத்து நிமிடம் வேக நடைக்காரர் கூடவே வந்துவிடலாம். கடைசிப் பகுதியில் 5 நிமிடத்துக்கும் கீழே வரலாம், வராமலும் போகலாம்.

அந்த ஓட்டத்தின் அமைப்பைச் சொன்னால் ஏன் என்று புரியும். எந்தோட்டோ சரிவு முழுக்கத் தைலமரங்கள், 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மெனெலிக் காலத்தில் விறகுக்காகக் கொண்டுவந்து வைத்தவை. ஆறு, எட்டுப் பேர் ஒற்றை வரிசையில் போவார்கள். முன்னால் போகிறவர் பாதையில் போக மாட்டார். மரங்களுக்கு நடுவே சரிவைக் குறுக்காக வெட்டி, ஒரு எல்லைக்குப் போய்த் திரும்பி, சற்று மேலே இன்னொரு குறுக்குக் கோடு, மறுபடி திருப்பம். மேலிருந்து பார்த்தால் தையல் போட்ட மாதிரி இருக்கும்.

இதில் மூன்று வேலை நடக்கிறது. செங்குத்தான மலையின் ஏற்றம் தணிந்துவிடுகிறது. இருபது அடிக்கு ஒரு மரம், வேர், பள்ளம் என்று வருவதால் வேகமெடுக்க நினைத்தாலும் முடியாது, மெதுவோட்டம் மெதுவாகவே இருக்கும்படி காடே பார்த்துக்கொள்கிறது. சாய்ந்த தரையில் இடப்பக்கமும் வலப்பக்கமும் மாறி மாறி மிதிப்பதால் நேர்ரோட்டில் தூங்கிக்கிடக்கும் பக்கத் தசைகளுக்கு வேலை வருகிறது.

பின்னால் வருகிறவர் கண் முன்னால் போகிறவரின் குதிகாலில்தான். அவர் எங்கே மிதித்தாரோ அங்கேதான் மிதி. பாறை வந்தால் முன்னால் போகிறவர் விரலைச் சொடுக்கியோ கையைக் காட்டியோ எச்சரிப்பார். பேச்சு குறைவு.

3,000 மீட்டரில் 6 நிமிட வேகம் என்பதை நம்மூர் 6 நிமிட வேகமாக நினைக்க வேண்டாம். காற்று, ஏற்றம், தரை மூன்றையும் கூட்டினால் இதயத்துக்கு அது வேறு கணக்கு. கால்களுக்கு ஏறும் அடி மட்டும் 6 நிமிட அடி. காலுக்கு ஓய்வு, நுரையீரலுக்கு வேலை.

#6 · பச்சைக்கோடு

ஒரு வாரத்தை யாராவது எழுதுங்களேன். மாரத்தான் குழு, போட்டிக்கு ஆறேழு வாரம் முன்னாடி.

#7 · எட்டாம் லேன்

குழுவுக்குக் குழு நாள் மாறும். சிலருக்குத் திங்கள்-புதன்-வெள்ளி கடின நாள், சிலருக்குச் செவ்வாய்-வியாழன்-சனி. வாரத்துக்கு மூணு கடின நாள்ங்கிறது மட்டும் பெரும்பாலும் மாறாது. ரெண்டாவது வகையை எழுதுறேன்:

திங்கள்: காடு, 70–80 நிமிஷம். மாலை 40 நிமிஷம், விருப்பம்.
செவ்வாய்: வேகம் அல்லது மேடு. டிராக்ல 400 மீட்டர் 16–20 தடவை, இல்லேன்னா அகாகி பக்கம் 1,000 மீட்டர் 10–12. இந்த வாரம் வேகம்னா அடுத்த வாரம் மேடு.
புதன்: காடு, 70 நிமிஷம், ரொம்ப மெதுவா.
வியாழன்: கொரொகோன்ச், 90–110 நிமிஷம். மெதுவா தொடங்கி, கடைசி அரை மணி நேரம் கிட்டத்தட்ட மாரத்தான் உழைப்பு.
வெள்ளி: காடு, 60 நிமிஷம். மாலை ஓய்வு.
சனி: அஸ்ஃபால்ட், 25 கி.மீ.லேர்ந்து 35–38 கி.மீ. வரை, வாரம் விட்டு வாரம் ஏறி இறங்கும்.
ஞாயிறு: ஓய்வு. தேவாலயம், துணி துவைக்கிறது, தூக்கம்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை லேசா எடுத்துக்காதீங்க. "ஓய்வு நாள்ல லேசா 10 கி.மீ." போடுற பழக்கம் அங்க நல்ல பெயர் வாங்காது.

அஸ்ஃபால்ட் நாள்தான் பார்க்க வேண்டியது. பஸ் விடியறதுக்கு முன்னாடி கிளம்பிடும், இல்லேன்னா ஆறரைக்கு மேல லாரிப் புகைலதான் ஓடணும். எத்தியோப்பியக் கடிகாரத்துல நாள் காலை 6 மணிக்குத் தொடங்குது, அதனால "பஸ் 11 மணிக்கு"ன்னு சொன்னா நம்ம கணக்குல காலை 5. வெளிநாட்டுலேர்ந்து போறவங்க பஸ்ஸைத் தவறவிடுறதுக்கு இது முதல் காரணம்! பஸ் பின்னாலயே வரும். 5 கி.மீ.க்கு ஒரு தடவை பாட்டிலை நீட்டுவாங்க. தண்ணி குடிக்கிறதும் பயிற்சிதான்: கிலோமீட்டருக்கு 3:10 (3 நிமிஷம் 10 விநாடி) வேகத்துல ஓடிக்கிட்டே மூணு மடக்கு உள்ள இறக்கிட்டு, பாட்டிலைப் பக்கத்து ஆளுக்குக் கொடுக்கணும். குடிக்காம விட்டா பயிற்சியாளர் கிட்ட வசவு.

#8 · நூறுசுற்று

இங்கதான் எனக்கு இடிக்குது. எத்தியோப்பியாவோட கெனெனிசா பெக்கெலே 2005-ல பிரஸ்ஸல்ஸ்ல 10,000 மீட்டரை ஓடினது 26:17.53. 400 மீட்டர் லேப்புக்கு 63.1 விநாடி. அடிஸ் உயரத்துல அந்த வேகத்துல தொடர்ந்து இண்டர்வல் ஓட முடியாது. மெதுவாவே பயிற்சி பண்ணிட்டு, கடல்மட்டத்துல போய் 63.1 எப்படி வரும்?

#9 · எட்டாம் லேன்

சரியான கேள்வி. உயரப் பயிற்சியோட பெரிய பலவீனமே இதுதான். நுரையீரல் தாங்காததால கால் மெதுவாவே பழகிடும். அதுக்கு மூணு வழி வெச்சிருக்காங்க.

முதல் வழி: தூரத்தைக் குறைக்கிறது. 200, 300 மீட்டருக்கு ஆக்சிஜன் பற்றாக்குறை பெருசா உறைக்காது, மெல்லிய காற்றுல எதிர்ப்பும் கம்மி. ஆக 200 மீட்டரை 28–29 விநாடில அடிச்சிட்டு முழுசா ஓய்வெடுத்தா, காலுக்குப் பந்தய வேகத்தை விட அதிக வேகம் பழகிடும். இதுல தப்பு எங்க வரும்னா, ஓய்வைச் சுருக்குறப்போ. 200-க்கு 30 விநாடி ஓய்வு மட்டும் கொடுத்தா அஞ்சாவதுலேர்ந்து அது மூச்சுப் பயிற்சியா மாறிடும், வேகம் போயிடும்.

ரெண்டாவது: இறங்குறது. 1,000, 2,000 மீட்டர் மாதிரி நீளமான துண்டுகளை அகாகியில, இல்லேன்னா இன்னும் கீழ பிஷோஃப்டு பக்கம், 1,900 மீட்டர்ல ஓடுவாங்க.

மூணாவது: வேகத்தை மாத்திக் கணக்குப் போடுறது. 2:05 மாரத்தானுக்குக் கிலோமீட்டருக்கு 2:58 வேணும். சென்டாஃபா தார்ரோட்டுல அதே உழைப்புக்கு 3:10–3:15 வந்தா போதும். இதை ஏத்துக்காம அங்கேயே 2:58 ஓடணும்னு நிக்கிறவங்க இருபதாவது கிலோமீட்டர்ல பஸ்ல ஏறுவாங்க. ஏறுறது கூடப் பரவாயில்லை, அடுத்த பத்து நாள் கால் எழும்பாது.

#10 · நூறுசுற்று

நன்றி. முதல் வழியில இருக்கற ஓய்வு விஷயம் எங்கயுமே படிச்சதில்லை.

#11 · வல்லைவெளி

எனக்கொரு சந்தேகம். இதெல்லாம் பயிற்சி எண்டு நீங்கள் சொல்லுறியள். ஆனா ஆயிரக்கணக்கான வருசமா மலையில வாழ்ந்த சனம், இரத்தத்திலயே ஆக்சிஜன் கூட இருக்கு, அதுதான் காரணம் எண்டு கன பேர் சொல்லுகினம். இது உண்மையோ?

#12 · தைலமரம்

பாதி உண்மை, அந்தப் பாதியும் எதிர்பார்க்கிற திசையில் இல்லை.

மானுடவியலாளர் சிந்தியா பீல் குழுவினர் 2002-ல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. 3,530 மீட்டரில் வாழும் அம்ஹாரா மக்களிடம் அளந்தபோது ஹீமோகுளோபின் அதிகமாகவே இல்லை, கடல்மட்டத்து மக்களின் அளவில்தான் இருந்தது. இரத்தத்தின் ஆக்சிஜன் செறிவும் 95 சதவீதத்துக்கு மேல். ஆண்டிஸ் மலைக்காரர்களுக்கு ஹீமோகுளோபின் ஏறும், திபெத்தியர்களுக்குச் செறிவு இறங்கும். இவர்களிடம் இரண்டும் இல்லை. ஆச்சரியமான முடிவுதான்.

ஆனால் ஓட்டக்காரர்கள் பெரும்பாலும் எங்கிருந்து வருகிறார்கள்? ஆர்சி, ஷெவா பகுதி ஒரோமோக்கள். ஒரோமோக்கள் மேட்டுநிலத்துக்குப் பரவலாகக் குடியேறியது 16-ஆம் நூற்றாண்டிலிருந்துதான். பின்னாளில் 2012-ல் வந்த ஆய்வில் பாலே மலை ஒரோமோக்களுக்கு அம்ஹாராக்களை விட ஹீமோகுளோபின் அதிகம், செறிவு குறைவு என்று தெரிந்தது. அதாவது பழமையான தகவமைப்பு உள்ளவர்கள் ஒரு கூட்டம், பதக்கங்களில் பெரும்பங்கு வாங்குகிறவர்கள் இன்னொரு கூட்டம். "ஆயிரக்கணக்கான வருட மலை இரத்தம்" என்ற கதை இங்கே இடறுகிறது. உயரத்தில் பிறந்து வளர்வதற்கு, விரிந்த மார்புக்கூடு, குழந்தைப் பருவ உழைப்பு ஆகியவற்றுக்குப் பங்கு உண்டு. அதை மறுக்கவில்லை.

#13 · வல்லைவெளி

விளங்குது. அப்ப பள்ளிக்கூடத்துக்கு ஓடின கதை?

#14 · எட்டாம் லேன்

ஹைலே கெப்ரசெலாசி விஷயத்துல உண்மை. ஆசெல்லா பக்கம் பண்ணை வீட்டுலேர்ந்து பள்ளிக்கு 10 கி.மீ., திரும்ப 10 கி.மீ. புத்தகத்தை இடது கையில இடுக்கிக்கிட்டு ஓடினதால அந்தக் கை மடங்கின மாதிரியே இருக்கும். 2008 பெர்லின் மாரத்தான்ல 2:03:59 ஓடினப்பவும் அந்தக் கையைப் பார்க்கலாம். அதையே எல்லார் மேலயும் ஏத்துறதுதான் தப்பு.

பேகோஜியைப் பாருங்க, ஆர்சியில சுமார் 2,800 மீட்டர்ல ஒரு சின்ன ஊர். பள்ளி ஆசிரியர் சென்டாயேஹு எஷெட்டு கையில வளர்ந்தவங்கதான் டெரார்டு துலு, ஃபாட்டுமா ரோபா, கெனெனிசா, திருனேஷ் திபாபா. நாலு பேருமே ஒலிம்பிக் தங்கம். அங்க பசங்களுக்குக் கொடுக்கிறது கிலோமீட்டர் இல்லை: காலைல ஆறு மணிக்குப் புல்தரையில தாவல், குதியல், முட்டி தூக்கல், சின்னச் சின்ன வேக ஓட்டம், அதுக்கப்புறம்தான் ஓட்டம். பதினாலு வயசுல வாரத்துக்கு 120 கி.மீ. ஓடவெச்சா பதினெட்டுல காணாமப் போயிடுவாங்க.

#15 · பச்சைக்கோடு

அந்தத் தாவல், குதியலைப் பெரியவங்களும் செய்றாங்களா? வீடியோக்கள்ல ரெண்டு வரிசையா நின்னு கிட்டத்தட்ட நடனம் மாதிரி ஏதோ பண்றாங்க.

#16 · தைலமரம்

அதேதான். ஓட்டம் முடிந்த பிறகு 15–20 நிமிடம். ஒருவர் முன்னால், மற்றவர்கள் அவரைப் பார்த்து, ஒரே தாளத்தில். 30–40 மீட்டர் போய், நடந்து திரும்புவது. முட்டியை இடுப்பளவு தூக்குவது, குதிகாலைப் பின்னால் அடிப்பது, பக்கவாட்டில் கால் குறுக்கி ஓடுவது, ஒற்றைக்கால் தாவல், கையை மேலே வீசிக்கொண்டே நடை. கடைசியில் 80–100 மீட்டர் ஓட்டம் ஆறு முதல் எட்டு, வேகமாக, ஆனால் முகம் இறுகாமல்.

பலர் இதை நகல் எடுத்துக் கெடுப்பது இங்கேதான். வேகவேகமாகச் செய்கிறார்கள். அங்கே பார்ப்பது வேகத்தை அல்ல, தாளத்தையும் ஒட்டுதலையும். ஒருவர் கால் தப்பினால் வரிசையே நின்று சிரித்துவிட்டு மறுபடி தொடங்கும். களைத்த காலோடு ஒழுங்காகச் செய்யப் பழகினால், பந்தயத்தின் கடைசி லேப்பில் உடல் குலையாது. 10,000 மீட்டரின் முடிவில் கெனெனிசா 53–54 விநாடி லேப் ஓடியது நினைவிருக்கும். 24 லேப் ஓடிய பிறகும் முட்டி உயர்ந்துதான் இருந்தது.

#17 · நாலாம்படி

வேகத்தைப் பத்திப் பேசும்போது திக்ஸ்ட் அசெஃபாவை விட முடியாது. 800 மீட்டர்க்காரர். 2016 ரியோவில் 800 ஓடினார். பிறகு மாரத்தானுக்கு வந்து 2022 பெர்லினில் 2:15:37, 2023 பெர்லினில் 2:11:53, அப்போதைய உலக சாதனை. கிலோமீட்டருக்கு 3:07 சொச்சம். பயிற்சியாளர் கெமெடு டெடெஃபோ. 800-லிருந்து 42 கி.மீ.க்கு வந்தவருக்கு 3:07 என்பது வேகமே இல்லை, அதை இரண்டு மணி நேரத்துக்கு மேல் நீட்டத்தான் பயிற்சி தேவை. நீளத்திலிருந்து வேகத்துக்குப் போவதை விட இது சுலபம் என்பது என் கருத்து, சண்டைக்கு வரலாம்.

2023-ல் அவர் அணிந்தது 138 கிராம் எடையுள்ள அடிடாஸ் ஷூ. எல்லாம் ஷூதான் என்று உடனே சொல்வார்கள். அதே ஷூவை அணிந்த மற்றவர்கள் 2:11 ஓடவில்லையே!

#18 · நூறுசுற்று

ஷூ பேச்சு வந்ததால ஒண்ணு. கார்பன் தகடு ஷூவைக் காட்டுக்குள்ள யாரும் போடறதில்லை. அஸ்ஃபால்ட் நாளுக்கு மட்டும், அதுவும் எல்லா வாரமும் இல்லை. உயரமான நுரை, வேரும் பள்ளமும் உள்ள தரையில கணுக்காலைப் புரட்டிடும். காட்டுக்குப் பழைய, தட்டையான, அடி தேய்ஞ்ச ஷூ. ஜூன்லேர்ந்து செப்டம்பர் வரை கிரெம்ட் மழை, சேறு ஷூ அடியில அரைக் கிலோவுக்கு அப்பிக்கும். ஓட்டம் முடிஞ்சதும் குச்சியால சுரண்டுறதே தனிச் சடங்கு. சேறு காலத்துலதான் குதிநாண் வலி அதிகமா வரும், குதிகால் வழுக்கி வழுக்கிப் பின்தசை இழுபடறதால. அப்போ காட்டு நேரத்தைக் குறைச்சிட்டுக் கொரொகோன்ச் பக்கம் போறதுதான் புத்திசாலித்தனம்.

#19 · தூரவானம்

பின்தொடர்ந்து ஓடறதைப் பத்திக் கேட்கணும். கடின நாள்லயும் வரிசைதானா? முன்னால ஓடறவருக்கு நஷ்டம் இல்லையா?

#20 · எட்டாம் லேன்

கடின நாள்ல முன்னால ஓடறது ஒரு முறை வேலை. பயிற்சியாளர் முதல்லயே பிரிச்சுக் கொடுத்துடுவார்: முதல் 5 கி.மீ. இவர், அடுத்தது அவர். 1,000 மீட்டர் துண்டுன்னா ஒவ்வொண்ணுக்கும் ஆள் மாறும். முன்னால போறவருக்குக் காற்றும் வேகப் பொறுப்பும், பின்னால வர்றவங்களுக்குத் தாளத்துல ஒட்டிக்கிற வேலை. தனியா ஓடறது அங்க கிட்டத்தட்டக் கெட்ட பழக்கம். தனியா ஓடினா உடம்புக்கு நல்லது, மாறணும்னா மத்தவங்களோட ஓடணும்னு ஒரு நினைப்பு உண்டு. யாராவது பின்தங்கினா "அய்ஸோஹ்"ன்னு குரல் வரும், "தைரியமா இரு"ன்னு அர்த்தம்.

கெடறது எங்கன்னா: முன்னால இருக்கறவர் சொன்ன வேகத்தைத் தாண்டி இழுக்கிறப்போ. 3:15 சொன்னா 3:08 ஓடுவார். நல்ல ஃபார்ம்ல இருக்கோம்னு காட்டற ஆசை. பின்னால உள்ள பத்துப் பேரும் விட்டுக்கொடுக்க மாட்டாங்க, பயிற்சி அப்படியே பந்தயமா மாறிடும். சில பயிற்சியாளர்கள் பஸ் ஜன்னல்லேர்ந்து கத்தி நிறுத்துவாங்க. இளம் ஆட்கள் கிட்ட இன்னொரு வியாதி, குழுவுக்குத் தெரியாம விடியற்காலை மூணு மணிக்குத் தனியா ஒரு ஓட்டம். கழுதைப்புலி உலாத்துற நேரம் அது! செவ்வாய்க்கிழமை அவர் கால் செத்துப் போயிருக்கறதைப் பார்த்துத்தான் பயிற்சியாளர் கண்டுபிடிப்பார்.

#21 · பச்சைக்கோடு

சாப்பாடு? அவங்க முக்கியத் தானியம் டெஃப்ல இரும்புச்சத்து கொட்டிக் கிடக்குதுன்னு சொல்றாங்க.

#22 · நாலாம்படி

கொட்டிக் கிடப்பதில் ஒரு பகுதி மண். டெஃப் தானியம் கேழ்வரகை விடப் பொடி. மாட்டை விட்டு மிதித்துப் போரடிக்கும்போது மண் ஒட்டிக்கொள்கிறது, ஆய்வகத்தில் இரும்பாகக் காட்டுவதில் அதுவும் சேரும். உள்ளே இருக்கும் இரும்பும் முழுசாக உடம்பில் சேராது, தானியத்திலேயே உள்ள ஃபைடேட் என்ற பொருள் தடுக்கும். தோசை மாதிரி சுடும் இஞ்சேராவுக்கு மாவை இரண்டு மூன்று நாள் புளிக்க வைப்பதால் அந்தத் தடை குறைகிறது, அதுதான் உண்மையான லாபம். சாப்பிட்ட உடனே காபி குடித்தால் அதையும் கெடுத்துக்கொள்ளலாம். காபி பிறந்த நாட்டில் இதைச் சொல்வது கஷ்டம்.

உயரத்தில் இருப்பவருக்கு இரும்பு முக்கியம்தான், புது இரத்த அணுக்கள் உருவாக அதுவே கச்சாப்பொருள். கையிருப்பு குறைந்தவர் மலையில் எத்தனை மாதம் இருந்தாலும் பலன் வராது.

மற்றபடி மாவுச்சத்துதான் ஆதிக்கம், மொத்த சக்தியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. இஞ்சேரா, கடலைமாவில் செய்யும் ஷிரோ, பாஸ்தா, ரொட்டி. வறுத்த பார்லி மாவில் செய்யும் பெஸோ இருக்கிறது, நம்ம சத்துமாவுக்கு ஒன்றுவிட்ட சகோதரம். தண்ணீரும் தேனும் விட்டுக் கலக்கி, ஓடி முடித்த அரை மணிக்குள் குடிப்பது. விலையுயர்ந்த பவுடர் செய்கிற வேலையைத்தான் இதுவும் செய்கிறது.

நோன்பு தனி விஷயம். ஆர்த்தடாக்ஸ் மரபில் புதன், வெள்ளி, ஈஸ்டருக்கு முன் 55 நாள் என்று இறைச்சி, பால், முட்டை கிடையாது. அது பெரிய பிரச்சினை இல்லை, பருப்பும் கீரையும் இருக்கின்றன. பிற்பகல் வரை எதுவுமே சாப்பிடாமல் இருப்பதுதான் பிரச்சினை. காலையில் 30 கி.மீ. ஓடிவிட்டு மூன்று மணி வரை வெறும் வயிறு என்றால் தசை மீளாது. அதனால் பலர் என்ன உண்பது என்பதில் நோன்பைக் காப்பார்கள், எப்போது உண்பது என்பதில் தளர்த்திக்கொள்வார்கள்.

#23 · வல்லைவெளி

கென்யாக்காரரோட என்ன வித்தியாசம்? ரெண்டும் ஒண்டுதானே எண்டு கன பேர் நினைக்கினம்.

#24 · எட்டாம் லேன்

உயரம் ஒத்துப்போகும், கென்ய ஓட்டக்காரங்க பயிற்சி பண்ற இட்டேன் ஊரும் சுமார் 2,400 மீட்டர்தான். ஆனா கென்யாவுல முகாமுல தங்கி, வாசல் தாண்டினா செம்மண் ரோடு, வியாழக்கிழமைல நூறு பேர் சேர்ந்து ஃபார்ட்லெக், அதாவது வேகத்தைக் கூட்டிக் குறைச்சு மாத்தி மாத்தி ஓடறது. ஓடுற இடமும் உயரமும் பெருசா மாறாது. எத்தியோப்பியாவுல கிளப் முறை: பாதுகாப்புப் படையோட மெக்கெலாகெயா, எத்தியோப்பிய வணிக வங்கி, முகர் சிமெண்ட் மாதிரி கிளப்புகள் மாசச் சம்பளம் கொடுக்கும். வீடு நகரத்துல, பயிற்சிக்குப் பஸ். காட்டு மெதுவோட்டம் எத்தியோப்பியாவோட தனி முத்திரை. கென்ய மெதுவோட்டம் மெதுவா தொடங்கி வேகமா முடியும். இதுல எது உசத்தின்னு கேட்டா தனி இழை திறங்க.

#25 · தூரவானம்

கடைசியா ஒண்ணு. மலையிலேர்ந்து இறங்கிப் பந்தயத்துக்கு எப்ப போவாங்க?

#26 · தைலமரம்

பெரும்பாலும் இரண்டு, மூன்று நாள் முன்புதான். உயரத்திலிருந்து இறங்கிய முதல் சில நாட்களில் ஓடுவது, இல்லாவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஓடுவது என்று இரண்டு கட்சி உண்டு. இடையில் உள்ள நாட்களில் சிலருக்குக் கால் கனத்துப்போகும். மாரத்தான்காரர்கள் முதல் வழியைத்தான் எடுப்பார்கள். செலவும் விசாவும் அதற்கு ஒத்துவருகின்றன.

வெப்பமும் ஏற்றமும்தான் தனியாகப் பார்க்க வேண்டியவை. 2024 பாரிஸ் ஒலிம்பிக் மாரத்தானில் 430 மீட்டருக்கு மேல் ஏற்றம். தமிரத் தோலா மாற்று ஆளாகத்தான் இருந்தார். சிசாய் லெம்மா காயத்தால் விலகியதால் கடைசி இரண்டு வாரத்தில் இடம் கிடைத்து, 2:06:26 ஓடித் தங்கம், ஒலிம்பிக் சாதனை. மாற்று ஆளும் அணியின் முழுப் பயிற்சியையும் செய்துகொண்டிருந்ததால்தான் அது முடிந்தது. பாரிஸின் மேடுகளுக்கென்று கடைசி நேரத்தில் தனியாகத் தயாராக வேண்டிய தேவையும் இல்லை. எந்தோட்டோ இருக்கிறதே.

#27 · நூறுசுற்று

#7-ல ஒரு சின்னத் திருத்தம். கிரெம்ட் மழைக்காலத்துல வியாழக்கிழமைக் கொரொகோன்ச் ஓட்டத்தை 90–110 நிமிஷம்னு அப்படியே எடுத்துக்க வேண்டாம். சரளை நனைஞ்சா பஸ்ஸே சிக்கிக்கும். அந்த வாரங்கள்ல 70–80 நிமிஷம், நல்லா இறுகின பகுதியில மட்டும், அங்கேயே போய் வந்து ஓடுவாங்க.

#28 · எட்டாம் லேன்

சரிதான், அது உலர்காலக் கணக்கு. #7-ல சேர்த்துடறேன்.